கோணம் கடைசி வேலை: பழைய ஸ்போர்ட்ஸ் காரும் வட சிலாங்கூர்ச் சாலையும்

வண்டிக்கு அலைன்மென்ட் பார்த்து முடித்ததும் கையில் ஒரு தாள் தருவார்கள். எண்கள் பச்சை நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி, சிவப்பில் இருந்தால் கோளாறு என்பது பொதுவான நம்பிக்கை. புதிய காருக்கு அந்த நம்பிக்கை பெரும்பாலும் போதும். ஐம்பது அறுபது வயதான எம்ஜிபிக்கோ, ஜாகுவாருக்கோ, மினி கூப்பருக்கோ போதாது. தாள் முழுக்கப் பச்சையாக இருக்கும். ஆனால் வண்டி இடப்பக்கம் இழுக்கும், டயரின் ஒரு விளிம்பு மட்டும் மொட்டையாகும், பாலம் ஏறி இறங்கும்போது ஸ்டீயரிங் கையில் திமிறும்.

தாளும் வண்டியும் ஏன் இப்படி முரண்படுகின்றன? இதற்கு விடை காண மூன்று கேள்விகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கார்களைச் செய்தவர்கள் எந்த அளவுகளை, எதற்காக வைத்தார்கள்? டயரும் ரப்பரும் மாறிய பிறகு அந்த அளவுகள் எவ்வளவு தூரம் செல்லும்? கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வட்டாரச் சாலைகளுக்கு எது பொருந்தும்? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய காரில் கோணம் திருத்துவது கடைசி வேலை. அதற்கு முன் தேய்மானமும் ரப்பரும் உயரமும் சரிசெய்யப்பட வேண்டும். வரிசை மாறினால் செலவு செய்த காசும் வீண், வண்டியை நம்பி ஓட்டவும் முடியாது.

மூன்று கோணங்கள்

வண்டியை மேலிருந்து பார்த்தால் இரு முன்சக்கரங்களின் முன்விளிம்புகள், நடப்பவரின் கால்விரல்கள் உள்நோக்கித் திரும்பியிருப்பதுபோல, பின்விளிம்புகளைவிடச் சற்று நெருங்கியிருந்தால் அது டோ-இன். விலகியிருந்தால் டோ-அவுட். வண்டியை முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ் கேம்பர், உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர். பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது கேஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பி வருவதில் கேஸ்டருக்குப் பெரும்பங்கு உண்டு.

டயரை அதிகம் தின்பது டோ. 14 அங்குல ரிம்மில் இரு சக்கரங்களுக்கும் சேர்த்து டோ-இன் 2 மி.மீ. என்றால் ஒவ்வொரு சக்கரத்தின் பங்கும் 0.16 பாகைக்கு அருகில் வரும். அந்தச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருளும்போது மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் பக்கவாட்டில் உரசப்படுகிறது. அதே டோ 6 மி.மீ. ஆகிவிட்டால் உரசல் எட்டு மீட்டரைத் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம், டயரின் ஆயுளைப் பாதிக்கும் அளவுக்குப் பெரியது. வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பகோமின் சோதனையில் சக்கரம் பக்கவாட்டில் நழுவும் அளவைத் தனியாகப் பார்ப்பது இதற்காகத்தான்.

கையேடுகள் சொன்னவை

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்ஜிபிக்குக் கையேடு தரும் அளவுகள் இவை: டோ-இன் 1.5 முதல் 2.3 மி.மீ., கேஸ்டர் 7 பாகை, கேம்பர் ஏறத்தாழ 1 பாகை பாசிட்டிவ். இவற்றில் திருத்துவதற்கென்று ஆலை வழிவைத்தது டோவுக்கு மட்டுமே. இரு டை ராடுகளையும் சமமாகத் திருகி அதைச் சரிசெய்யலாம். கேம்பரும் கேஸ்டரும் முன் கிராஸ்மெம்பரின் அமைப்பிலேயே நிலையாகிவிடுகின்றன. ஆகவே ஒரு எம்ஜிபியில் கேம்பர் தவறாகக் காட்டினால், அது தளர்ந்த திருகின் குற்றமல்ல. ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது, வளைந்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்து வண்டி தாழ்ந்திருக்கிறது. அலைன்மென்ட் தாளை நோய்க்குறியாகப் படிக்க வேண்டும் என்று சொல்வதன் பொருள் இதுதான்.

1959இல் வந்த மினியின் கணக்கு வேறு. அதற்கு முன்சக்கரங்களில் 1.6 மி.மீ. டோ-அவுட், பின்சக்கரங்களில் 3.2 மி.மீ. டோ-இன். மினியை இழுத்துச் செல்வது முன்சக்கரங்கள். அவை இழுக்கும்போது ரப்பர் புஷ்கள் நெளிந்து சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பப் பார்க்கும். நிற்கும்போது சற்று வெளிநோக்கி வைத்தால் ஓடும்போது நேராகிவிடும். பின்சக்கரம் தள்ளும் எம்ஜிபியில் எதிர்மாறாக, உருளும் தடை முன்சக்கரங்களை வெளியே விரிக்கப் பார்க்கும், அதனால் டோ-இன். இந்தக் காரணம் தெரியாமல் ‘எல்லாக் காருக்கும் கொஞ்சம் டோ-இன்’ என்று வைத்துவிடுவது மினிக்குச் செய்யும் தீங்கு.

1961இல் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப் இன்னொரு பாடம் சொல்கிறது. அதன் பின்சக்கரங்கள் தனித்தனியாக அசைபவை. அவற்றின் கேம்பர் முக்கால் பாகை நெகட்டிவ்; டிரைவ் ஷாஃப்ட்டுக்கும் பிரேக் டிஸ்க்குக்கும் நடுவே மெல்லிய ஷிம் தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் அதைத் திருத்த வேண்டும். அளப்பதற்கு முன் குறிப்பிட்ட நீளமுள்ள இணைப்புக் கம்பிகளை மாட்டி, சஸ்பென்ஷனை ஒரு குறிப்பிட்ட உயரத்தில் பூட்டச் சொல்கிறது ஜாகுவார் கையேடு. உயரம் நிலையாக இல்லாமல் கேம்பரைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை என்பதை அன்றே விதியாக்கியிருக்கிறார்கள்.

1989இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 இப்போது பழைய கார்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. நான்கு சக்கரங்களிலும் மேலும் கீழுமாக இரட்டைக் கைகள் (டபுள் விஷ்போன்). மையம் விலகிய போல்டுகளைத் திருப்பி முன்பின் கேம்பர், பின் டோ, முன் கேஸ்டர் ஆகியவற்றை மாற்றலாம்; முன் டோவை டை ராடால் மாற்றலாம். இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு போல்டைத் திருப்பினால் இரண்டு அளவுகள் நகரும், அதனால் பொறுமையில்லாதவர் கைபட்டால் நான்கு சக்கரமும் நான்கு திசை பார்க்கும். கடலோரக் காற்றில் துருப்பிடித்து அந்தப் போல்டுகள் இறுகிப்போவதும் உண்டு. இறுகிய போல்டை வைத்துக்கொண்டு டோவை மட்டும் திருத்தி அனுப்புவது பாதி வேலை.

ரப்பர் என்ற நடுநாயகம்

இந்தக் கார்களின் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே இருப்பது ரப்பர். இவ்வட்டாரத் தமிழர்களுக்கு அந்தப் பொருளைப் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. பெஸ்தாரி ஜெயா என்று 2007இல் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றிலும், புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் பக்கங்களிலும் நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து சீவிய மரங்களின் பால் அது. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பரிசோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் இருந்தது. செம்பனை வணிகப் பயிராக மலாயாவில் முதலில் வேரூன்றியதும் இங்கேதான்: 1917இல் ஆங்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் அதைப் பயிரிட்டார். பின்னாளில் செம்பனை ரப்பரைத் தள்ளிவிட்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டது.

மினியின் ஸ்பிரிங்கே ரப்பர்தான். சுருள் கம்பிக்குப் பதிலாக ரப்பர்க் கூம்புகளை அதில் பொருத்தியவர் அலெக்ஸ் மோல்டன். அவருடைய கொள்ளுத்தாத்தா ஸ்டீபன் மோல்டன் 1848இல் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவனில் ரப்பர் ஆலை தொடங்கியவர். சுமை ஏற ஏற ரப்பர்க் கூம்பு மேலும் மேலும் விறைப்பாகும் என்பதால், ஓர் ஆளையும் நால்வரையும் ஒரே சிறிய கார் தாங்கியது. ஆனால் ஆண்டுகள் போகப் போகக் கூம்பு அமுங்கிவிடும். அமுங்கினால் வண்டி தாழும், தாழ்ந்தால் கேம்பரும் டோவும் மாறும். அமுங்கிய கூம்பை அப்படியே விட்டுவிட்டு டை ராடைத் திருகுபவர் விளைவைத்தான் திருத்துகிறார், காரணத்தை அல்ல.

எம்ஜிபியில் முன் லோவர் ஆர்மின் உள்முனையில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. எஞ்சின் ஆயில் கசிந்து இவற்றின் மேல் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி மென்மையாகி நைந்துவிடும். வெயிலும் ஓசோனும் மேற்பரப்பில் வெடிப்பு உண்டாக்கும். வண்டி நின்றபடி இருக்கும்போது இதெல்லாம் தெரியாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கி நகரும். விட்டதும் திரும்பி வரும். அலைன்மென்ட் இயந்திரம் நிற்கும் வண்டியை அளக்கிறது, டயர் ஓடும் வண்டியில் தேய்கிறது. தாளுக்கும் அனுபவத்துக்கும் உள்ள முரணின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

புஷ் மாற்றும்போது நடக்கும் ஒரு தவறை நெருங்கிப் பார்க்க வேண்டும். பலர் எம்ஜிபிக்கு அதே வரிசையின் வி8 மாடலில் வந்த புஷ்களைப் போடுகிறார்கள். உள்ளும் புறமும் இரும்புக் குழாய், நடுவே அவற்றோடு ஒட்டி வார்த்த ரப்பர், நல்ல தேர்வுதான். இத்தகைய புஷ் சுழல்வதில்லை. ரப்பர் முறுக்கிக்கொள்வதன் மூலமே ஆர்ம் மேலும் கீழும் போகிறது. வண்டியை ஜாக்கில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே நட்டை இறுக்கிவிட்டால், அந்தத் தொங்கல் நிலையே ரப்பருக்கு இயல்பு நிலையாகிவிடும். வண்டியை இறக்கியதும் நின்ற இடத்திலேயே ரப்பர் முறுகி நிற்கும். முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்கும், கேம்பர் தவறாகக் காட்டும், சில மாதங்களில் ரப்பர் இரும்பிலிருந்து பிய்ந்துவிடும். நட்டுகளை விரலிறுக்கத்தில் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பின் உருட்டி, எடை முழுவதும் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும்.

பாலியூரித்தேன் புஷ்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். எண்ணெய்க்கு அஞ்சாதவை, கோணத்தை இறுக்கமாகப் பிடிப்பவை என்று ஒரு தரப்பினர் போற்றுகிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அவற்றில் பல வகைகள் முறுகாமல் வழுக்கிச் சுழல்பவை. கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், மணலும் சேறும் புகுந்தால் உட்குழாயைத் தேய்க்கும். பந்தயத் தடத்துக்கு அவை சரி. செம்மண் தூளும் மழைச் சேறும் நிறைந்த தோட்டப்பாதை ஓரத்தில் வாழும் காருக்கு, தரமான இயற்கை ரப்பர் புஷ்ஷே மேல் என்பது என் துணிபு. ஆயில் கசிவை முதலில் நிறுத்திவிட்டால் ரப்பருக்கு எதிரான பெரிய வாதம் விழுந்துவிடும்.

சாலையின் குணம்

ஜெராமிலிருந்து கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சுங்கை பெசார் வழியாக சபாக் பெர்ணம் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை கடலோரக் களிமண் சமவெளியில் ஓடுகிறது. அதற்கு உட்புறம், ராஜா மூசா காட்டை ஒட்டிய பகுதிகள் பீட் என்னும் கரிய சதுப்பு மண். மட்கிய மரமும் இலையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறிப் படிந்த மண் அது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் சுருங்கும், காற்றுப்பட்டுச் சிதையும், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்று தாழ்ந்துகொண்டே போகும். மேலே போட்ட சாலையும் கூடவே தாழும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அல்ல. அதனால் நேரான சாலையும் அலை அலையாகக் கிடக்கும். ஆழக் கம்பங்களில் நிற்கும் பாலமோ தாழாது. பாலத்தின் இரு முனையிலும் சாலை இறங்கி, ஒரு மேடு உருவாகிவிடும்.

அந்த மேட்டில் காருக்கு என்ன நடக்கிறது? ஏறும்போது சஸ்பென்ஷன் அமுங்குகிறது, இறங்கும்போது முழுதாக விரிகிறது. லோவர் ஆர்மும் டை ராடும் ஒத்த வில்லில் மேலும் கீழும் போனால் டோ மாறாது. வண்டியைத் தாழ்த்திய எம்ஜிபியில் ஸ்டீயரிங் ராக் பழைய உயரத்தில் இருக்க, ஆர்மின் கோணம் மாறிவிடுகிறது. இரு வில்களும் ஒத்துப்போகாமல், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் டோ-இன், டோ-அவுட் என்று மாறி மாறித் திரும்பும். கையை அசைக்காமலே வண்டி தடம் மாறும். அலைன்மென்ட் தாளில் இது ஒருபோதும் வராது. அழகுக்காகத் தாழ்த்திய பழைய கார் இந்த வட்டாரத்தில் தொல்லை தருவதற்கு முதற்காரணம் இது. ஆலை வைத்த உயரமே இந்தச் சாலைக்கு ஏற்ற உயரம்.

இன்னொன்று சாலையின் சரிவு. மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்திருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் வண்டி இயல்பாகவே இடது ஓரம் நோக்கி நகரும். செம்பனைக் குலையும் மணலும் ஏற்றிய லாரிகள் அழுத்தி அழுத்தி இடது ஓரத்தை மேலும் பள்ளமாக்கியிருக்கின்றன. எம்எக்ஸ்-5 போன்ற வண்டியில் இடது சக்கரத்துக்குக் கால் பாகை அளவு கூடுதல் கேஸ்டர் கொடுத்து இந்த இழுப்பைச் சமன் செய்யலாம். கேஸ்டர் குறைந்த பக்கம் நோக்கியே வண்டி இழுக்கும் என்பது அதன் சூத்திரம். எம்ஜிபியில் அந்த வழி இல்லை. அங்கே இடப்பக்கம் இழுப்பதாகப் புகார் வந்தால், டோவைத் தொடுவதற்கு முன் சமதளத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். 2011இல் திறந்த கோலாலம்பூர்–கோலசிலாங்கூர் விரைவுச்சாலை ஈஜோக்கை எட்டுகிறது. நல்ல தளம் உள்ள அத்தகைய சாலையில் நேராகவும் பழைய சாலையில் இடப்பக்கமாகவும் போனால் குற்றம் சாலையின் சரிவில் இருக்கிறது. இரண்டிலும் இழுத்தால் வண்டியில்.

டயர் மாறிய கதை

கையேட்டு அளவுகள் பலவும் கிராஸ்-ப்ளை டயர் புழக்கத்தில் இருந்த காலத்தவை. 1946இல் மிஷலின் உருவாக்கிய ரேடியல் மெல்ல மெல்ல எங்கும் பரவியது. ரேடியலின் பக்கச்சுவர் நெகிழும், தரையைத் தொடும் பகுதி தட்டையாக நிற்கும். அதனால் அதற்கு அதிக டோ-இன் தேவைப்படாது, ஒரு பாகை பாசிட்டிவ் கேம்பரும் அவசியமில்லை. ரேடியல் போட்ட எம்ஜிபிக்குக் கையேட்டு வரம்பின் கீழ்முனை, அதாவது 1.5 மி.மீ., போதும். கேம்பர் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் வளைவில் பிடிப்பு கூடும்.

அகல டயர் வேறு சிக்கல். பழைய அளவு டயர் கிடைக்காதபோது கடைக்காரர் அகலமானதைப் பரிந்துரைப்பார். ஏழு பாகை கேஸ்டரோடு அகல ரேடியல் சேர்ந்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும். அதைக் குறைக்க கிராஸ்மெம்பருக்கு அடியில் ஆப்புத் தகடு வைத்துக் கேஸ்டரைக் குறைப்பவர்கள் உண்டு. நகரத்துக்குள் நிறுத்துவது எளிதாகும், ஆனால் அலையலையான நேர்ச்சாலையில் வண்டியின் நிதானம் குறையும். வட சிலாங்கூரில் ஓட்டுபவருக்கு நிதானமே முக்கியம். கேஸ்டரை விட்டுவிட்டு டயரின் அகலத்தைக் குறைப்பதே நல்லது.

அளக்கும் கலை

நூல் கட்டி அளக்கும் முறையைப் பழையது என்று ஒதுக்க வேண்டாம். நான்கு ஸ்டாண்டுகளில், சக்கர மையத்தின் உயரத்தில், வண்டியின் இருபுறமும் மீன்பிடி நூலை இழுத்துக் கட்டி, ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை இரும்பு அளவுகோலால் எடுக்கலாம். கவனம் தேவைப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று, முன்பின் அகலம் சமமில்லாத கார்கள். அந்த வித்தியாசத்தைக் கழிக்காவிட்டால் நூல் இணையாக நிற்காது. மற்றொன்று, கோணிய ரிம். ரிம்மில் ஒரு சுண்ணாம்புக் குறியிட்டு, முன்னால் ஒருமுறை அளந்து, வண்டியை அரைச் சுற்று உருட்டி அதே குறியைப் பின்னால் அளந்தால் கோணல் கணக்கிலிருந்து விலகிவிடும்.

இயந்திரமும் நல்லதுதான், கேட்கும் கேள்வி சரியாக இருந்தால். அதன் பட்டியலில் இந்தக் கார் இல்லாவிட்டால் ‘இது மாதிரி’ ஒன்றைத் தேர்வுசெய்து பச்சை காட்டுவார்கள். கையேட்டு எண்களை எழுதி எடுத்துச் சென்று நேரடியாகப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும்.

அளப்பதற்கு முன் தேய்மானச் சோதனை. எம்ஜிபியின் முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்ல வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு பேரிங்கில், நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னில். கிங்பின்னுக்குக் கிரீஸ் துப்பாக்கியால் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும், வெள்ளத்தில் ஓட்டிய பிறகு கட்டாயம். எம்ஜிபியில் முன் அப்ஸோர்பரின் கையே மேல் ஆர்மாகவும் வேலை செய்வதால், அதன் உள் பேரிங் தேய்ந்தாலும் கேம்பர் மாறும். அப்ஸோர்பர் ஆயில் கசிவதைக் குலுங்கல் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது.

எப்படிச் செய்வது

இவ்வளவையும் ஒரு வேலைமுறையாகத் தொகுக்கலாம். டயர்க் காற்றைச் சமமாக்குதல், பேரிங், கிங்பின், டை ராட் எண்ட் சோதனை, ஆயில் கசிவை நிறுத்திப் புஷ்களை மாற்றுதல், ஸ்பிரிங் அல்லது கூம்பைப் புதுப்பித்து ஆலை உயரத்துக்குக் கொண்டுவருதல், ஓட்டுநரின் எடைக்கு இருக்கையில் மூட்டை வைத்து வண்டியை உருட்டி அமரவிடுதல், பின்சக்கரங்களைப் பார்த்தல், பிறகு கேஸ்டர், கேம்பர், கடைசியாக டோ. செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். அடுத்த முறை எண் மாறினால் எது தேய்ந்தது என்று அந்தக் குறிப்பே காட்டிக்கொடுக்கும்.

சிலாங்கூரில் இந்த அறிவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1968இல் திறந்த பத்து தீகா பந்தயத் தடத்தில் இத்தகைய கார்கள் சீறின. அந்தத் தடம் இன்று இல்லை. தோட்டப் பட்டறைகளில் டிராக்டரையும் லாரியையும் பழுதுபார்த்துக் கைதேர்ந்த தமிழ் மெக்கானிக்குகளின் தலைமுறையும் மூத்துவிட்டது. இழுக்கும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டே ‘புஷ் போச்சு’ என்று சொல்லும் திறமை இயந்திரத் தாளில் வராது; கையோடு கையாகக் கற்றால்தான் வரும். ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. அலைன்மென்ட் கட்டணத்தை யோசிப்பதற்கு முன் புஷ்ஷுக்கும் கிங்பின்னுக்கும் காசு ஒதுக்குங்கள். வேலை செய்யும் மூத்த கைகளுக்குப் பக்கத்தில் ஓர் இளைஞரை நிற்க வையுங்கள்; அவர் கேட்கும் கேள்விக்கும் பெறும் பதிலுக்கும் ஆகும் நேரத்துக்குச் சேர்த்தே கூலி கொடுங்கள். இந்தச் சாலைகளுக்கு ஏற்ற அளவு எது என்பதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்க்க அதைவிட நல்ல வழி இல்லை.